நாலு மணிப் பக்கம்

முதலில் வெறும் பட்டாணி.
குளிக்கையில் விரலில் இடறியது,
இடது உதட்டின் அடியில்.
வலியில்லை.
வட்டி கேட்காத கடனை மறப்பதுபோல் மறந்தேன்.

தண்ணீர்த் திருவிழாவுக்கு முப்பத்தாறு தமேன் தைக்க வேண்டும்.
மோல்மீன் மார்க்கெட் மாடி, மர ஸ்டூல், பங்குனி வெயில்.
பட்டாணி நெல்லிக்காய் ஆயிற்று.
நெல்லிக்காய் முட்டையாக ஆசைப்பட்டது.
வலப்பக்கமே பாரம் வைத்து உட்கார்ந்தேன்.
தையல் சாய்ந்தது.
அரை விரல்தான்.
தோ மியிண்ட் நாடா வைத்துக் காட்டி
பிரித்துத் தை என்றாள்.

சூட்டுக் கட்டி, ஊசியால் குத்திவிடு என்றாள்
பக்கத்து மிஷின் பவளாயி.
என்னிடமா ஊசிக்குப் பஞ்சம்!
பதினாறாம் நம்பரைத் தீயில் காட்டினேன்.
கண்ணாடியைத் தரையில் வைத்துக் குந்தினேன்.
நாற்பத்து மூன்று வயதில்
என்னை நான் பார்த்தது அன்றுதான்.
சிவந்து, பளபளத்து, ஒரு பக்கம் மட்டும் உம்மென்று.
குத்த மனம் வரவில்லை.
தனகா அரைத்துப் பூசினேன்,
முகத்துக்குக் குளிர்ச்சி தருவது
இதற்கும் தராதா என்று.

மேசோட்டிலிருந்து போனில் மனுஷன் கேட்டான்:
"யாரால் வந்தது?"

ஆஸ்பத்திரிச் சீட்டில் எனக்கு இரண்டு பெயர்,
வடிவாம்பாள், மா கின் எய்.
அதற்கு ஒன்றும் இல்லை.
எனக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் எல்லாம் வசவு.
பர்மியச் சொல் கேட்டதே இல்லை.
"கீழே" என்றேன்.
டாக்டர் தீரி தரையைப் பார்க்கவில்லை.

கையுறை போட்டுத் தொட்டாள்.
மஞ்சள் தனகாவைப் பஞ்சால் துடைத்தாள், சிரிக்காமல்.
நர்ஸிடம் சொன்னாள்: "லே நாயி."
நாயல்ல, நாழிகை. நாலு மணி.
சுவரைப் பார்த்தேன். ஏழேகால்.
பிறகுதான் புரிந்தது,
என்னையே ஒரு கடிகாரமாக வைத்து
இடம் குறிக்கிறாள் என்று.

வாசலுக்கு இரு புறமும்
ஈரம் சுரக்க இரண்டு சின்னச் சுரப்பிகள்.
ஒன்றின் வாய் அடைத்துக்கொண்டது,
சுரந்தது உள்ளேயே தேங்கிவிட்டது, சீழும் பிடித்துவிட்டது.
"யாரால்?" என்றேன்.
"யாராலும் இல்லை" என்றாள்.
"யாராலும் இல்லையா?"
அவள் இன்னொரு முறை சொன்னாள்.

மரத்துப்போக ஊசி போட்டதும் கரண்ட் போனது.
நர்ஸ் போன் விளக்கைப் பிடித்தாள்.
சின்னக் கீறல்.
மூன்று மாதம் தேங்கியது
பழைய எண்ணெய் நிறத்தில் இறங்கியது.
மல்லிகை மொட்டளவு பலூன் வைத்த ஒரு குழாயைச் செருகி,
நாலு வாரம் இருக்கட்டும், என்றாள்,
மூடாமலிருக்க அந்த வாய் பழகட்டும்.
நாற்பது தாண்டியவள் என்பதால்
ஒரு துணுக்கு எடுத்து யாங்கோனுக்கு அனுப்பினாள்.
பெரும்பாலும் ஒன்றுமிருக்காது,
பார்த்துவிட்டால் நல்லது, என்றாள்.

பதினோரு நாள்.
தினம் மூன்று வேளை கரியடுப்பில் வெந்நீர்.
அலுமினியத் தட்டில் பதமாய் ஊற்றி உட்கார்வேன்.
நீர் ஆறும் வரை சால்வீனில் படகு எண்ணுவேன்.
பயம் வந்த நாட்களில் எண்ணிக்கை தப்பும்.

பன்னிரண்டாம் நாள் டாக்டர்
"கெய்ஸா மஷிபூ" என்றாள், கவலையில்லை.
காகிதத்தை நான்காய் மடித்து ரவிக்கையில் வைத்தேன்.
மேசோட்டுக்குப் போன் பண்ணவில்லை.
அவனே பண்ணினான்.
"யாராலும் இல்லை" என்று வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் புதிதாய்ச் சேர்ந்தவள் நீன் யீ.
இருபது வயது இருக்கும்.
அவள் தைத்த தமேனைப் பிரித்துப் பார்த்தேன்.
ஓரம் சாய்ந்திருந்தது,
அரை விரல்தான்.
தோ மியிண்ட் நாடாவோடு எழுந்தாள்.
நான் முந்திக்கொண்டு போய்
அவள் காதருகே குனிந்து கேட்டேன்:
"எந்தப் பக்கம்?"